சுங்கை சிப்புட்டில் நான்கு குரல் பாட்டுக்குழு: பிராம்ஸ் பாட நாற்பது பேர் கிடைப்பார்களா?

#1 தோட்டத்துக்காரி

வணக்கம். மலேசியாவில் நம் பேராக் பக்கம், சுங்கை சிப்புட், சுற்றியுள்ள தோட்டங்கள், கோலகங்சார், ஈப்போ பக்கம் இருப்பவர்களிடம் ஒன்று கேட்கத்தான் இந்த இழை. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் பிறந்தது இங்கே ஒரு தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில். அம்மா பால்மரம் வெட்டினார், அதாவது ரப்பர் பால் எடுக்கும் வேலை. இப்போது அந்த இடம் முழுக்கச் செம்பனை. லயமும் போய்விட்டது, நாங்கள் தாமானுக்கு (வீடமைப்புப் பகுதிக்கு) வந்து பல வருடம் ஆகிறது. லண்டனில் ஒன்பது வருடம் தாதியாக வேலை செய்தேன். அம்மாவுக்கு முடியாமல் போனதால் போன வருடம் திரும்பி வந்துவிட்டேன்.

அங்கே ஏழு வருடம் ஒரு பெரிய பாட்டுக்குழுவில் ஆல்டோ பாடினேன், அதாவது பெண் குரலில் கீழ்க்குரல். ஏறக்குறைய 120 பேர். பேருந்து ஓட்டுபவர், வரி அலுவலகத்தில் இருப்பவர், ஓய்வு பெற்ற ஆசிரியைகள், என்னைப் போல இரண்டு தாதியர். ஒருவருக்கும் சம்பளம் கிடையாது, நாங்கள்தான் வருடச் சந்தா கட்டினோம். வாரம் ஒரு மாலை மூன்று மணி நேரம் பியானோவோடு ஒத்திகை. பாட்டுக்குழுவுக்கென்று ஓர் ஆசிரியர் இருந்தார், வாரக்கணக்கில் எங்களைச் செதுக்கியவர் அவர்தான். கச்சேரிக்கு இரண்டு மூன்று நாள் இருக்கும்போதுதான் சிம்பொனி ஆர்கெஸ்ட்ரா வரும், அதை நடத்துபவரும் வருவார். அவர்கள் அதையே தொழிலாகச் செய்பவர்கள். பீத்தோவன், வெர்டி, ஹேண்டல் என்று அவர்களோடு மேடை ஏறிப் பாடுவோம்.

முதல் மாலை நடந்ததைச் சொல்கிறேன், ஏனென்றால் நான் கேட்கப்போவது அதிலிருந்துதான் வருகிறது. சிறுவயதில் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் தேவாரம் பாடியவள் நான். நல்ல குரல் என்று பெயர். ஆனால் நாம் பாடுவது எல்லாரும் ஒரே மெட்டில். அன்று பக்கத்து வரிசையில் சொப்ரானோ, அதாவது பெண்களின் மேல்குரல், வேறொரு மெட்டு பாட, பின்னால் ஆண்கள் இன்னும் இரண்டு மெட்டு பாட, என் மெட்டு ஐந்து நிமிடத்தில் காணாமல் போய்விட்டது. காது தானாகவே மேல்குரலுக்கு ஓடியது. பக்கத்தில் இருந்த வயதான அம்மா என் இசைப் பிரதியில் பென்சிலால் ஒரு சுரத்தை வட்டமிட்டு, "அவர்களைக் கேள், ஆனால் அவர்களோடு போய்விடாதே" என்றார். அதைப் பழக எனக்கு ஒரு வருடம் பிடித்தது. பழகிய பிறகு கிடைத்த சந்தோஷம் வேறு எதிலும் கிடைத்ததில்லை. என் மெட்டைத் தனியாகப் பாடினால் அதில் ஒன்றுமே இருக்காது, சில இடத்தில் ஒரே சுரம் எட்டுத் தாள அடி வரும். மற்ற மூன்று குரலும் சேரும்போதுதான் அந்த ஒரே சுரம் ஏன் அங்கே நிற்கிறது என்று புரியும்.

இன்னும் சில விஷயங்கள் பெரிய குழுவில் மட்டுமே கற்றுக்கொள்ள முடியும். ஒரு நீண்ட சுரத்தை 120 பேர் மூச்சு விடாமல் பிடிப்பது போலக் கேட்கும். உண்மையில் எல்லாரும் மூச்சு எடுக்கிறோம், ஆனால் பக்கத்து ஆள் எடுக்கும் இடத்தில் நான் எடுக்கக் கூடாது. எடுத்துவிட்டுத் திரும்ப நுழையும்போது யாருக்கும் தெரியாமல் மெல்ல நுழைய வேண்டும். அப்புறம், நாங்கள் நிற்பது ஆர்கெஸ்ட்ராவுக்குப் பின்னால். ஒலி 20 மீட்டர் கடக்க ஒரு நொடியில் 17இல் ஒரு பங்கு ஆகும். முன்னால் இருக்கும் வயலினைக் கேட்டுப் பாடினால் ஏற்கெனவே பிந்திவிட்டோம், அது சபைக்குப் போய்ச் சேரும்போது இன்னும் பிந்தும். அதனால் காதை நம்பாமல் நடத்துபவர் கையைப் பார்த்தே பாட வேண்டும். என் முதல் கச்சேரியில் பிரதியையே பார்த்துக்கொண்டிருந்து ஓர் அடி முன்னாலேயே நுழைந்துவிட்டேன். அதன்பிறகு நுழையும் இடங்களையெல்லாம் மனப்பாடம் செய்தேன்.

சரி, கேள்விக்கு வருகிறேன். ஜெர்மன் இசையமைப்பாளர் பிராம்ஸ் எழுதிய ஜெர்மன் ரெக்வியம் என்று ஒரு படைப்பு, மொத்தம் ஏழு பகுதி. அதில் முதல் பகுதியையாவது நம் ஊரில் நாற்பது பேர் சேர்ந்து கற்றுக்கொள்ள முடியுமா? கோயிலில் பாடுபவர்கள், தேவாலயத்தில் பாடுபவர்கள், எங்குமே பாடாதவர்கள், யாராக இருந்தாலும். முதலில் கீபோர்டோடு. என்றாவது ஒரு நாள் நிஜ ஆர்கெஸ்ட்ராவோடு.

#2 கித்தாமரம்

தங்கச்சி எழுதியதை இரண்டு முறை படித்தேன். ஆசை புரிகிறது. ஒன்று மட்டும் உறுத்துகிறது, வெளிப்படையாகக் கேட்கிறேன்.

வயலின்காரருக்குச் சம்பளம். தனியாகப் பாடுபவருக்குச் சம்பளம். நடத்துபவருக்கு இன்னும் அதிகம். டிக்கெட் விற்கிறார்கள். நடுவில் நிற்கும் 120 பேருக்கு மட்டும் ஒன்றும் இல்லை, அதற்கு மேல் சந்தா வேறு. இது எப்படி நியாயம்? என் தாத்தா காலையில் பிரட்டுக்கு, அதாவது தோட்டத்தில் ஆள் கணக்கெடுக்கும்போது, பிந்திப் போனால் அன்றைய பேர் கிடையாது, கூலியும் கிடையாது. வெட்டிய பாலில் தண்ணீர் இருக்கிறது என்று கிராணி (தோட்டத்துக் கணக்கர்) எடையைக் குறைத்து எழுதுவார். வேலை வாங்கிக்கொண்டு கூலி கொடுக்காதது நமக்குப் பழகிப்போன கதை. பாட்டு என்று சொன்னால் அது மாறிவிடுமா?

#3 தோட்டத்துக்காரி

அண்ணே, இதே கேள்வியை நானும் முதல் வருடம் கேட்டேன். கணக்கு இப்படி இருக்கிறது: 120 பேருக்கு, பத்துப் பன்னிரண்டு ஒத்திகைக்கு, கச்சேரிக்கு என்று கூலி கொடுத்தால் அந்தப் படைப்பையே யாரும் மேடையேற்ற மாட்டார்கள். அதனால்தான் பெரும்பாலான பெரிய குழுக்கள் தன்னார்வமாகவே வளர்ந்தன. கூலி கொடுக்கும் குழுக்களும் உண்டு. சிகாகோ சிம்பொனியின் பாட்டுக்குழுவில் ஒரு பகுதியினர் தொழில்முறைப் பாடகர்கள். ஆனால் பாஸ்டன் சிம்பொனியோடு பாடும் டாங்கிள்வுட் குழு 1970இல் தொடங்கிய நாளிலிருந்து தன்னார்வக் குழு. அவர்கள் பிரதியே பார்க்காமல் மனப்பாடமாகப் பாடிப் பெயர் வாங்கியவர்கள். லண்டனில் பில்ஹார்மோனியா கோரஸ் 1957இல் பீத்தோவனின் ஒன்பதாவது சிம்பொனிக்காகவே உருவானது. ஜெர்மனியிலிருந்து வில்ஹெல்ம் பிட்ஸ் என்பவரை வரவழைத்துப் பயிற்சி கொடுத்தார்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது ஹடர்ஸ்ஃபீல்டு கதை. யார்க்ஷயரில் கம்பளி ஆலைகள் நிறைந்த ஊர் அது. அங்கே 1836இல் தொடங்கிய பாட்டுக்குழு இன்றும் இருக்கிறது. 1840களில் நொவெல்லோ என்ற பதிப்பகம் ஹேண்டலின் படைப்புகளை மலிவு விலையில் அச்சிட ஆரம்பித்தது. அந்த மாதிரி ஆலை ஊர்களில் சாதாரணக் குடும்பத்து ஆட்களும் பிரதியை வாங்க முடிந்தது. ஆலைச் சங்கு ஊதி வேலை முடிந்த பிறகு அந்த ஊர்க்காரர்கள் கூடிப் பாடுவதை நினைத்தால் எனக்கு நம் தோட்டங்கள்தான் ஞாபகம் வருகின்றன.

சந்தா கட்டியது எனக்கும் சில மாதம் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் அண்ணே, அங்கே என்னை யாரும் பிரட்டுக்குக் கூப்பிடவில்லை, நானாகப் போனேன். வார்டில் பன்னிரண்டு மணி நேரம் நின்றுவிட்டு, காலில் வலியோடு, ரயில் மாறிப் போவேன். அந்த மூன்று மணி நேரம் எனக்கு மட்டுமே சொந்தமானது.

நம் ஊரில் சந்தா வேண்டாம் என்றே நினைக்கிறேன். பிராம்ஸ் 1897இல் இறந்தவர், உரிமைத்தொகை ஒன்றும் இல்லை, பிரதியை நாமே அச்சடித்துக்கொள்ளலாம்.

#4 கோயில்வாசல்

நான் இங்கே ஒரு கோயிலில் வாரந்தோறும் கூட்டு வழிபாடு நடத்துகிறேன். பாடக்கூடிய பெண்கள் பதினைந்து பேர் இருக்கிறார்கள், அனுப்பலாம். ஆனால் ரெக்வியம் என்றால் கிறிஸ்தவர்கள் இறந்தவருக்காகச் செய்யும் பூசைதானே? வீட்டில் கேட்பார்கள். கோயிலில் பாடிவிட்டு வந்து இதைப் பாடலாமா என்று எனக்கே தயக்கம். யாரையும் குறை சொல்லவில்லை. கேட்டுத் தெளிந்துகொள்ள வேண்டும்.

#5 டோரேமி

தெலுக் இந்தானிலிருந்து எழுதுகிறேன். தமிழ் தேவாலயத்துப் பாட்டுக்குழுவில் பாஸ், அதாவது ஆண்களின் கீழ்க்குரல், முப்பது வருடமாக.

ஐயா கேட்டது சரியான கேள்வி. மொசார்ட், வெர்டி எழுதிய ரெக்வியங்கள் லத்தீன் பூசைதான். பிராம்ஸ் எழுதியது வேறு. அவர் பூசை நூலை எடுக்கவே இல்லை. ஜெர்மன் பைபிளிலிருந்து தாமே வரிகளைப் பொறுக்கினார். இறந்தவருக்கான மன்றாட்டு அதில் கிடையாது, இருப்பவர்களுக்கான ஆறுதல்தான். தொடக்க வரியே நம் தமிழ் வேதாகமத்தில் "துயரப்படுகிறவர்கள் பாக்கியவான்கள், அவர்கள் ஆறுதலடைவார்கள்" என்று வரும். இயேசுவின் பெயர் எங்கும் இல்லை. 1868இல் பிரெமென் நகரத்துப் பெரிய தேவாலயத்தில் புனித வெள்ளியன்று பாடியபோது, அங்கிருந்தவர்களுக்கு அதுவே குறையாகப் பட்டது. அந்தக் கச்சேரியில் ஹேண்டலின் மெசாயாவிலிருந்து ஒரு பாட்டையும் சேர்த்துத்தான் சமாளித்தார்கள். "ஜெர்மன்" என்ற சொல்லை எடுத்துவிட்டு "மனித" ரெக்வியம் என்று வைக்கவும் தமக்குச் சம்மதம் என்று பிராம்ஸே கடிதத்தில் எழுதியிருக்கிறார். அவருடைய தாய் 1865இல் இறந்தார். பிறகு சேர்த்த ஐந்தாம் பகுதியில் வரும் வரி: "ஒருவனை அவன் தாய் தேற்றுவதுபோல் நான் உங்களைத் தேற்றுவேன்." இதைப் பாட எந்த வீட்டில் தடுப்பார்கள்?

முதல் பகுதியில் வயலினே கிடையாது. முழு ஆர்கெஸ்ட்ரா உட்கார்ந்திருக்கும், வயலின்காரர்கள் வில்லைக் கீழே வைத்திருப்பார்கள். கம்பி வாத்தியங்களில் வியோலா, செல்லோ போன்ற கனமானவை மட்டும் இழையும். அதன் மேல் பாட்டுக்குழு மிக மெதுவாக நுழையும். முதல் தடவை கேட்டபோது துக்க வீட்டில் யாரோ அடக்கிய குரலில் பேச ஆரம்பித்தது போல இருந்தது.

அப்புறம், பிரதி படிக்கத் தெரியாதே என்று யாரும் பின்வாங்க வேண்டாம். எங்கள் பெரியவர்கள் கோடும் புள்ளியும் படித்ததில்லை. டோ ரே மி எழுத்திலேயே நான்கு குரலும் படித்தார்கள். சாரா குளோவர் என்ற ஆங்கிலப் பெண்மணி உண்டாக்கி, ஜான் கர்வென் வளர்த்துப் பரப்பிய முறை அது. அதில் டோ ஓர் இடத்தில் நிற்காது, பாட்டின் சுருதி எதுவோ அதுதான் டோ. நம் ஸட்ஜமும் அப்படித்தானே? ஸரிகம தெரிந்தவருக்கு இதைப் பிடிக்க ஒரு மாலை போதும். நான் வந்து சொல்லிக் கொடுக்கிறேன். தெலுக் இந்தானிலிருந்து வருவது தூரம்தான், இருந்தாலும் மாதம் ஒரு முறை வரலாம்.

#6 உறுமிப்பையன்

நான் உறுமி மேளம் அடிப்பவன், ஏதோ பாடுவேன். பாட்டுக்குழு பற்றி ஒன்றும் தெரியாமல் கேட்கிறேன், அக்கா. நூறு பேருக்கு மேல் எப்படி ஒரே நேரத்தில் ஒரு சொல்லை முடிக்கிறார்கள்? எங்கள் குழுவில் பன்னிரண்டு பேரை ஒரே அடியில் நிறுத்துவதற்கே உயிர் போகிறது.

#7 தோட்டத்துக்காரி

தம்பி, நீ கேட்டதுதான் வேலையில் பாதி. சொல்லின் கடைசி மெய்யெழுத்து எந்த அடியில் விழும் என்று பிரதியில் எழுதிவைப்போம். "ட்" என்று முடியும் சொல்லை 120 பேர் 120 நேரத்தில் முடித்தால் தகரக் கூரையில் மழை விழுவது போல இருக்கும்.

ராபர்ட் ஷா என்று அமெரிக்காவில் ஒருவர் இருந்தார், தன்னார்வக் குழுக்களை வளர்ப்பதில் பெரிய கை. அவர் ஒத்திகையில் சொற்களை எடுத்துவிட்டு எண்களைப் பாட வைப்பார். மெட்டு அதே மெட்டு, வார்த்தைக்குப் பதில் "ஒன் அண்ட் டூ அண்ட்" என்று ஒவ்வொரு அரை அடியையும் வாயால் சொல்ல வேண்டும். நீண்ட சுரத்தில் தூங்க முடியாது, உள்ளே காலம் ஓடிக்கொண்டே இருக்கும். எங்கள் ஆசிரியரும் அப்படித்தான் செய்ய வைத்தார். எனக்கு உடனே பிடிபட்டது, ஏனென்றால் அது நம் சொற்கட்டு. நான் மனத்துக்குள் "தகதிமி" என்றுதான் சொல்லிக்கொண்டேன். நீ வந்தால் இந்தப் பகுதியை உன்னிடமே கொடுத்துவிடலாம். உண்மையாகச் சொல்கிறேன், காலக்கணக்கில் ஊறிய ஆள் ஒருவர் வரிசையில் நின்றால் பக்கத்து ஐந்து பேர் தானாக நிமிர்வார்கள்.

ஜெர்மன் உச்சரிப்புக்கும் பயப்படாதீர்கள். நான் எல்லாவற்றையும் தமிழ் எழுத்தில்தான் எழுதி வைத்திருந்தேன். ஐந்தாம் பகுதியில் தேற்றுவது என்ற பொருளில் ஒரு சொல் வரும். அதன் உயிரெழுத்து நம்மிடம் இல்லை. உதட்டை "ஓ"வுக்குக் குவித்துக்கொண்டு உள்ளே "ஏ" சொல்ல வேண்டும். கண்ணாடி முன்னால் நின்று செய்து பாருங்கள்.

#8 மூன்று ஷிப்ட்

தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. மூன்று வாரத்தில் ஒரு வாரம் இரவு. வாராவாரம் வர முடியாதவனுக்கு இடம் உண்டா? பள்ளியில் பாடியது, இருபது வருடம் ஆகிறது.

#9 மாடித்தோட்டம்

சென்னையிலிருந்து. இழையைப் படித்துவிட்டுப் போக மனம் வரவில்லை.

இங்கே மெட்ராஸ் மியூசிக்கல் அசோசியேஷன் 1893 முதல் இருக்கிறது, அதுவும் தொழில்முறை இல்லாதவர்கள் கூடிப் பாடும் குழுதான். ஆனால் நான் சொல்ல வந்தது எம்.பி. சீனிவாசனைப் பற்றி. திரைப்பட இசையமைப்பாளர், தொழிற்சங்கம் வளர்த்தவர். பாரதி பாடல்களைப் பல குரலுக்கு அமைத்து, இசை படிக்காத மாணவர்களையும் அலுவலகம் போகிறவர்களையும் கூட்டிச் சென்னை இளைஞர் சேர்ந்திசைக் குழுவை நடத்தினார். "சேர்ந்திசை" என்ற சொல்லே எங்களுக்கு அவரோடு சேர்ந்துதான் ஞாபகம் வரும். தமிழ்ச் சொல்லை நான்கு குரலில் கேட்டுப் பழகிய காதுக்கு ஜெர்மன் பிராம்ஸ் அவ்வளவு அந்நியமாக இருக்காது. முதல் இரண்டு மாதம் தமிழிலேயே நான்கு குரல் பாடிப் பழகுங்கள் என்பது என் யோசனை.

பெரிய எண்ணிக்கை வேண்டுமென்றால் ஜப்பானைப் பாருங்கள். ஒசாகாவில் 1983 முதல் டிசம்பர் மாதத்தில் சுமார் 10,000 பேர் ஆர்கெஸ்ட்ராவோடு பீத்தோவனின் ஒன்பதாவதைப் பாடுகிறார்கள். ஜெர்மன் அவர்களுக்கும் தாய்மொழி இல்லை.

#10 கித்தாமரம்

பதிலுக்கு நன்றி, தங்கச்சி. முழுக்கச் சமாதானம் ஆகிவிட்டேன் என்று சொல்ல மாட்டேன். மூன்று நிபந்தனை வைக்கிறேன். ஒன்று, யாரும் கைக்காசு போட்டுப் பிரதி வாங்கக் கூடாது, அச்சடிக்கும் செலவு என்னுடையது. இரண்டு, என்றாவது கோலாலம்பூர் போவதாக இருந்தால் ரயில் செலவை முதலில் பார்த்துவிட்டுத்தான் மற்றது. மூன்று, டிக்கெட் விற்றால் கணக்கை எல்லார் முன்னாலும் படிக்க வேண்டும்.

கோலாலம்பூரில் மலேசிய பில்ஹார்மோனிக் ஆர்கெஸ்ட்ரா 1998இல் தொடங்கியபோது நான் அங்கேதான் வேலை செய்தேன். இரட்டைக் கோபுரத்துக்குள் இருக்கும் அந்த அரங்கத்துக்கு ஒரு முறை கூடப் போனதில்லை. நம்மைப் போன்றவர்களுக்கான இடமாக அது தோன்றவில்லை. அதையும் சொல்லிவிடுகிறேன்.

#11 கோயில்வாசல்

தெலுக் இந்தான் ஐயாவின் விளக்கத்தைப் பெண்களிடம் படித்துக் காட்டினேன். தாய் தேற்றுவது போல என்ற வரியைக் கேட்டதும் ஓர் அக்கா கண்ணைத் துடைத்தார். போன மாதம்தான் அவர் தாயைப் பறிகொடுத்தார். எட்டுப் பேர் வருகிறோம். ஷிப்ட் தம்பிக்கு இடம் உண்டு என்று நினைக்கிறேன், தோட்டத்துக்காரி சொல்லட்டும்.

#12 தோட்டத்துக்காரி

நேற்று கூடினோம். தமிழ்ப்பள்ளி வகுப்பறை ஒன்றைக் கொடுத்தார்கள். நாற்பது பேர் வரவில்லை, பத்தொன்பது பேர். பதின்மூன்று பெண்கள், ஆறு ஆண்கள். உலகத்தில் எல்லாப் பாட்டுக்குழுவிலும் ஆண் குரல் பஞ்சம்தான், அதிலும் டெனருக்கு, அதாவது ஆண்களின் மேல்குரலுக்கு, பெரிய பஞ்சம். நமக்கு ஒருவர்தான் கிடைத்திருக்கிறார், அது மூன்று ஷிப்ட் தம்பி. தம்பி, இரவு வேலை வாரத்தில் வர வேண்டாம். உங்கள் மெட்டை கைப்பேசியில் பதிவு செய்து அனுப்புகிறேன், பேருந்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

பிராம்ஸைத் தொடவே இல்லை. கீபோர்டையும் மூடிவைத்துவிட்டு சுருதிப்பெட்டியை வைத்தோம். ஆண்களில் நான்கு பேர் ஸ, இரண்டு பேர் ப, பெண்களில் பாதி க, பாதி மேல் ஸ. அவ்வளவுதான். முதல் பத்து நிமிடம் காந்தாரக்காரர்கள் எல்லாரும் மேல் ஸட்ஜத்துக்கு ஓடிக்கொண்டே இருந்தார்கள், நான் லண்டனில் ஓடியது போலவே. பிறகு கோயில் அக்காக்கள் கண்ணை மூடிக்கொண்டு காந்தாரத்தைப் பிடித்தார்கள். கீபோர்டில் வரும் காந்தாரம் சுத்தமான காந்தாரத்தைவிடக் கொஞ்சம் ஏறியிருக்கும். இவர்கள் தம்புராவோடு பாடிப் பழகியவர்கள், சரியான இடத்தில் போய் நின்றார்கள். அந்த நொடி அறைக்குள் யாருமே பாடாத ஓர் ஒலி மேலே கேட்டது. நான்கு சுரம் சரியாகச் சேர்ந்தால் அப்படிக் கேட்கும். உறுமித் தம்பி பாட்டை நிறுத்திவிட்டு மேலே கூரையைப் பார்த்தான். நான் ஏழு வருடம் பெரிய மேடையில் நின்றவள், நேற்று தொண்டை அடைத்துக்கொண்டது.

கித்தாமரம் அண்ணன் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். முடிந்ததும், அடுத்த வாரம் பாஸ் வரிசையில் நிற்கலாமா என்று கேட்டார். நிற்கலாம் அண்ணே.

அடுத்த ஞாயிறு மாலை 4.30, அதே வகுப்பறை. டோரேமி ஐயா வருகிறார், எழுத்து முறை சொல்லிக் கொடுப்பார். பென்சில் கொண்டு வாருங்கள். பேனா வேண்டாம், மூச்செடுக்கும் இடத்தை அடிக்கடி மாற்றி எழுத வேண்டியிருக்கும்.

#13 உறுமிப்பையன்

என் அக்கா மகனைக் கூட்டி வருகிறேன். குரல் உடைந்து ஒரு வருடம்தான் ஆகிறது, ஆனால் மேலே போகிறது. டெனரா என்று நீங்கள் கேட்டுச் சொல்லுங்கள்.